பத்து வட்டில் நேரம் யார் கணக்கில்?

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு செம்புக் கிண்ணம் இருக்கிறது. கையகல வாய், அரைத் தேங்காய் போன்ற அடி, அந்த அடியின் நட்டநடுவில் கோணி ஊசியின் முனை மட்டும் நுழைகிற ஒரு துளை. அண்டாவில் தண்ணீர் நிரப்பி அதன்மேல் இந்தக் கிண்ணத்தை மெல்ல விட்டால் மிதக்கும். துளை வழியே தண்ணீர் நூல்போல் மேலெழும்பி உள்ளே வரும். கிண்ணம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும். விளிம்பு தண்ணீரைத் தொட்டதும், அதுவரை இருந்த நிதானமெல்லாம் போய், சட்டென்று முழுகி அண்டாவின் அடியில் 'டிங்' என்று தட்டும். அந்தச் சத்தம் கேட்டால் 24 நிமிடம் ஆயிற்று என்று பொருள். அதுதான் ஒரு நாழிகை. கிண்ணத்தின் பெயர் நாழிகை வட்டில்.

போடிநாயக்கனூரில் பல வருடம் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அவர்களோடு சேர்ந்து செய்தது இந்த வட்டில். பாத்திரக் கடையில் எடைக்கு வாங்கி, நகை வேலை செய்யும் ஆசாரி ஒருவரிடம் கொடுத்துத் துளை போட்டோம். முதல் நாள் மிதக்கவிட்டபோது முழுக அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. திரும்ப ஆசாரியிடம் போனோம். மயிரிழை அகலப்படுத்தினார். மறுபடி சோதித்தோம். நாலாவது தடவையில்தான் 24 நிமிடத்துக்கு வந்தது. அன்று பிள்ளைகள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது.

இத்தனை வருடம் கழித்து அதை எடுத்துத் துடைத்து வைத்திருப்பதற்குக் காரணம், எங்கள் தெருமுனையில் விடிகாலையில் நான் பார்க்கும் காட்சி.

காலை 6 மணிக்கு ஜீப் வந்து நிற்கும். தூக்குவாளியும், மழைக்குப் போர்த்திக்கொள்ளும் கொங்காணியும், துணிப்பையுமாகப் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். "யக்கா, ஏறுங்க, நேரமாச்சு" என்று டிரைவர் தம்பி அவசரப்படுத்துவார். இன்னும் இரண்டு தெருக்களில் ஆள் ஏற்றிக்கொண்டு, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு தாண்டி, பூப்பாறைப் பக்கமோ சாந்தன்பாறைப் பக்கமோ உள்ள ஏலத்தோட்டத்தில் அவர்களை இறக்கும்போது மணி 8. மாலை 4 மணிக்கு வேலை முடியும். அதே வழியாக இறங்கி, தெருமுனையில் கால் வைக்கும்போது மறுபடி 6.

என் வட்டிலை வைத்து இந்த நாளை எண்ணிப் பார்த்தேன். ஒரு நாள் என்பது 60 நாழிகை. இரண்டரை நாழிகை ஒரு மணி. காலை 6 முதல் மாலை 6 வரை வட்டில் 30 தடவை முழுகும். தோட்டத்தின் பேரேட்டில் ஏறுவதோ 8 மணி முதல் 4 மணி வரை உள்ள 20 முழுக்கு மட்டும். மீதி 10 வட்டில் நேரம் எங்கே போனது? அது அந்தப் பெண் சமைக்காத, தூங்காத, பிள்ளைக்குத் தலைவாரிவிடாத நேரம். தோட்டத்துக்காகச் செலவான நேரம். ஆனால் யார் கணக்கிலும் இல்லாத நேரம்.

நான் சொல்ல வந்தது இதுதான்: மலைக்கு வேலைக்குப் போகிறவர்களின் வேலை நேரம், ஜீப்பில் ஏறும் நிமிடத்திலிருந்து எண்ணப்பட வேண்டும்.

இதைச் சொல்ல நாழிகை வட்டில் எதற்கு என்று கேட்கலாம். நேரத்தை நியாயமாக அளப்பது எப்படி என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கிண்ணம்தான்.

தண்ணீரால் நேரம் அளப்பதற்கு உலகம் இரண்டு வழிகளைக் கண்டது. ஒன்று, துளையுள்ள பானையில் நீரை நிரப்பி, ஒழுகி வெளியேறும் அளவைப் பார்ப்பது. எகிப்தில் கர்னாக் கோயிலில் கிடைத்த நீர்க்கடிகாரம் இந்த வகை. மூன்றாம் அமென்ஹோதெப் காலத்தது, ஏறக்குறைய 3,400 வருடப் பழமை. இதில் ஒரு சிக்கல் உண்டு. பானை நிறைந்திருக்கும்போது தண்ணீர் வேகமாக ஒழுகும். மட்டம் குறையக் குறைய வேகமும் குறையும். அதனால்தான் எகிப்தியர்கள் பானையை மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் செய்தார்கள். நம் நாட்டிலும் அர்த்த சாஸ்திரம் சொல்வது ஒழுகும் வகைதான்.

இரண்டாவது வழி நம் வட்டில். இதில் தண்ணீர் வெளியே போவதில்லை, உள்ளே வருகிறது. பாதி முழுகினால் எவ்வளவு நேரம், முக்கால் முழுகினால் எவ்வளவு நேரம் என்ற கணக்கெல்லாம் வேண்டாம். முழுசாக முழுகினால் ஒரு நாழிகை. எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி மிதக்கவிட வேண்டியதுதான். சூரிய சித்தாந்தம் இதைச் சுருக்கமாகச் சொல்கிறது: அடியில் துளையுள்ள செம்புப் பாத்திரம், தூய நீரில் விட்டால், ஒரு பகலும் இரவும் சேர்ந்த பொழுதில் 60 தடவை முழுக வேண்டும். பின்னால் வந்த வானநூலார் சிலர் செம்பு 10 பலம், வாய் 12 அங்குலம், உயரம் 6 அங்குலம், துளை போடத் தங்க ஊசி இத்தனை நீளம் என்று அளவுகளைக் கொடுத்தார்கள். 12ஆம் நூற்றாண்டின் பாஸ்கராச்சாரியார் இந்த அளவுகளைக் கட்டாயமாக்கவில்லை. உன் கிண்ணம் ஒரு நாளில் எத்தனை தடவை முழுகுகிறது என்று எண்ணு. 60ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு முழுக்குக்கு எத்தனை நாழிகை என்று தெரிந்துவிடும் என்பது அவர் வழி. எவ்வளவு நேர்மையான வழி! கருவி எப்படி இருந்தாலும் சரி, உரைகல் சூரியன். உதயம் முதல் உதயம் வரை.

தமிழ் மண்ணில் இது அரண்மனைக்கும் ஊருக்கும் பழக்கமான கருவி. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்கு நேரம் அறிவிக்கிறவர்கள் நம்பியது 'குறுநீர்க் கன்னல்'. கன்னல் என்பது நாழிகை வட்டில்தான். சிலப்பதிகாரம் புகார் நகரத்தில் குடியிருந்தவர்களைப் பட்டியலிடும்போது நாழிகைக் கணக்கரையும் சேர்த்துச் சொல்கிறது. நேரம் பார்ப்பதே ஒருவருக்கு முழுநேர வேலையாக இருந்தது. கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முழுகியதும் எண்ண வேண்டும். எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிக்க வேண்டும். நாழி என்ற நம் சொல்லையே பாருங்கள். அதற்கு உள்ளே துளையுள்ள குழல் என்ற பொருளும் உண்டு, அரிசி அளக்கும் படி என்ற பொருளும் உண்டு. நேரத்தையும் அரிசியைப் போல எதிரில் வைத்து, தலைதட்டி அளக்கவேண்டிய பொருளாகத்தான் நம் முன்னோர் நினைத்திருக்கிறார்கள்.

எதிரில் வைத்து அளப்பது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பழைய ஏதென்ஸ் நகரத்து நீதிமன்றங்களில் வழக்காடுகிறவர்களின் பேச்சுக்கு நேரம் அளந்தது தண்ணீர்ப் பானை. தனிமனிதர் வழக்குகளில் இரண்டு தரப்புக்கும் ஒரே அளவு தண்ணீர். நடுவில் சட்டத்தையோ சாட்சியத்தையோ படித்துக் காட்ட வேண்டியிருந்தால், பானையின் துளையை அடைத்துத் தண்ணீரை நிறுத்துவார்கள். படித்து முடித்த பிறகே மறுபடி திறப்பார்கள். தான் பேசாத நேரம் தன் கணக்கில் கழியக் கூடாது என்ற நியாயம் அதில் இருந்தது. ஈரானில் மலையடிவாரச் சுரங்க வாய்க்கால்களில் வரும் தண்ணீரைப் பங்கிட, நம் வட்டில் போன்ற முழுகும் கிண்ணத்தையே வைத்திருந்தார்கள். இன்னாருக்கு இத்தனை கிண்ணம் தண்ணீர் என்பது பேச்சு. யார் வேண்டுமானாலும் வந்து எட்டிப் பார்க்கலாம்.

பங்குத் தண்ணீர் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. என் தாத்தாவுக்கு நாலு பங்காளிகள் சேர்ந்த கிணற்றில் ஒரு பங்கு. கவலை இறைத்த காலத்தில் யாருடைய முறை எப்போது முடிகிறது என்பதை வெயிலில் நின்று, தன் நிழலைத் தன் காலடியால் அளந்து முடிவு செய்வார்களாம். வெயில் இருக்கும்வரை சண்டை வராது. ஐப்பசி கார்த்திகையில் மேகம் மூடிவிட்டால் நிழல் இல்லை. அன்றைக்குத்தான் வரப்பில் வாய்த்தகராறு. இப்போது அதே பங்குக் கிணறுகளில் மோட்டார் ஓடுகிறது. மூணு பேஸ் கரண்டு வரும் நேரத்தை மணிக்கணக்கில் பிரித்துக்கொள்கிறார்கள். செல்போனில் எல்லோருக்கும் ஒரே மணி என்பதால் தகராறு குறைந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே கடிகாரத்தைப் பார்த்தால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

என் அம்மாவுக்கு அப்படிப்பட்ட கடிகாரம் வாய்க்கவில்லை. அம்மா மலைக்குக் காய் எடுக்கப் போனவர். ஏலச்செடியின் சரம் தூரில் தரையோடு படர்ந்து கிடக்கும். குத்துக்காலிட்டோ, இடுப்பை மடித்தோ, பழுக்கப்போகும் பதத்தில் இருக்கிற காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். பிஞ்சைத் தொட்டுவிட்டால் திட்டு. ஒரு எடுப்பு முடிந்து ஒன்றரை மாதத்தில் அதே செடிக்கு அடுத்த எடுப்பு. கணுக்காலில் அட்டை கடித்து ரத்தம் வழிவது வீட்டுக்கு வந்து சேலையை அவிழ்க்கும்போதுதான் தெரியும்.

நான் ஒன்பதாவது படித்தபோது ஒரு மழை நாள். பாதி வழியில், ஒரு வளைவில் ஜீப் நின்றுவிட்டது. ஏறி வந்த பெண்களே இறங்கித் தள்ளினார்கள். தோட்டம் போய்ச் சேர்ந்தபோது நேரமாகிவிட்டது என்று சொல்லி, அத்தனை பேருக்கும் அரைநாள் கூலி என்று எழுதிவிட்டார்கள். முழுநாள் காயை எடுத்துக்கொடுத்துவிட்டு அரைநாள் கூலியோடு வந்தார் அம்மா. அழவில்லை. "எத்தன மணிக்குப் போனோம்னே எங்களுக்குத் தெரியாது தாயி. மணி பார்க்கிறது கங்காணி கையில மட்டும்தான இருக்கு" என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியம் என்னோடு இன்றைக்கும் இருக்கிறது. அளவுகோல் ஒரு கையில் மட்டும் இருந்தால், அளக்கப்படுகிறவருக்கு வாதாடவும் வழி இல்லை.

அம்மா இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: "மலையில நேரம் நகராது." அது அலுப்பில் சொல்வது என்றுதான் நினைத்திருந்தேன். வட்டில் செய்த வருடம் மார்கழியில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, அண்டாவோடு போடிமெட்டுக்குப் போனேன். போடியிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். விடிகாலைக் குளிரில், பாறையிடுக்கில் வழியும் ஊற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி நிரப்பி, வட்டிலை மிதக்கவிட்டோம். 24 நிமிடம் ஆயிற்று, முழுகவில்லை. 25ம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் 'டிங்'. ஒரு பிள்ளை கேட்டது, "டீச்சர், துளை அடைச்சிருச்சா?" அடைக்கவில்லை. குளிர்ந்த தண்ணீர் கொழகொழப்பு கூடியது. 30 டிகிரி வெப்பத்தில் இருப்பதைவிட 15 டிகிரியில் தண்ணீரின் பாகுத்தன்மை ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். சின்னத் துளையில் நுழைய அதற்குக் கூடுதல் நேரம் வேண்டும்.

அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சொன்னதை இன்றைக்கு அதிகாரிகளுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் சொல்கிறேன். அடிவாரத்தில் சரிபார்த்த கருவியைக் கொண்டுபோய் மலையில் வைத்து அப்படியே நம்பக் கூடாது. எந்த இடத்தில் அளக்கிறோமோ அந்த இடத்தின் குளிரையும் தண்ணீரையும் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். 8 மணி நேர வேலை என்பது, வீட்டுப் பக்கத்து மில்லுக்கு நடந்து போகிறவருக்குச் சரியான கணக்காக இருக்கலாம். 17 வளைவு ஏறி இறங்குகிறவரின் நாளை அதே கணக்கால் அளந்தால் அளவு தப்புகிறது.

இதில் வேதனை என்னவென்றால், அதே மலையில் காய்க்கு நேரக் கணக்கு பிசகுவதே இல்லை. எடுத்த பச்சைக்காயை அன்றைக்கே ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சூட்டில் போட வேண்டும். ராத்திரி முழுக்க ஆள் விழித்திருந்து சூட்டைப் பார்ப்பார். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும். குறைந்தால் காய் பதமாகாது. ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்ந்த காயாகும் வரைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு உண்டு. அப்புறம் அது போடிக்கு இறங்கி, சலிக்கப்பட்டு, பெண்கள் கையால் பொறுக்கப்பட்டு, மில்லிமீட்டர் கணக்கில் தரம் பிரிக்கப்பட்டு, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விலை போகும். காயின் கதையில் ஒரு நிமிடமும் வீணாக விடப்படுவதில்லை. காயை எடுத்த கையின் 10 வட்டில் நேரம் மட்டும் மலைப்பாதையில் சிந்திக் கிடக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதமும் எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள் இல்லை. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு உரத்துக்கும் மருந்துக்கும் கடன் வாங்குகிறவர்கள் பலர். ஏலக்காய் விலை ஒரு வருடம் ஏறும், மறுவருடம் சரியும். ஜீப் வாடகையை ஏற்கெனவே நாங்கள்தானே கொடுக்கிறோம் என்று அவர்கள் கேட்கிறார்கள். கொடுக்கிறார்கள், உண்மை. ஆனால் வாடகை ஜீப்புக்கான விலை. அதில் உட்கார்ந்திருக்கிறவரின் நேரத்துக்கு அது விலை ஆகாது. இன்று ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பல் எல்லாத் தோட்டத்திலும் கேட்கிறது. என் பழைய மாணவிகள் பலர் மலை வேலையை விட்டுவிட்டு ஜவுளிக் கடைகளுக்குப் போகிறார்கள். ஏன் என்று கேட்டால் கூலியை முதலில் சொல்வதில்லை. "டீச்சர், போக வரவே பாதி நாள் போயிருது" என்கிறார்கள். அந்தப் பாதி நாளுக்கு மதிப்பு வந்தால் ஆளும் வருவார்கள்.

இன்னொரு விஷயம், உயிர் சம்பந்தப்பட்டது. வழிநேரத்துக்குக் கணக்கில்லை என்பதால் தோட்டம் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. 8 மணிக்குள் ஆளை இறக்க வேண்டும் என்ற நெருக்கடி முழுக்க டிரைவர் தலையில் விழுகிறது. பனிமூட்டத்தில், ஈரச் சாலையில், உட்கார இடமில்லாமல் ஆளை அடைத்துக்கொண்டு வேகமாக ஏறும் ஜீப்புகளை இந்த மலைச்சாலையில் பார்க்காதவர் இல்லை. ஜீப்பில் கழியும் நேரமும் வேலை நேரம் என்று ஆகிவிட்டால், அந்த வண்டி வேலையிடத்தின் ஒரு பகுதியாகிவிடும். எத்தனை பேர் ஏறினார்கள், எந்த வேகத்தில் போனது என்பதற்குத் தோட்டமும் பதில் சொல்ல வேண்டிவரும்.

இது நடக்காத காரியம் இல்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே, இடைவேளையையும் வேலைக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, ஒருவரின் வேலை நாள் 12 மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது என்றது. காத்திருக்கும் நேரமும் தொழிலாளியின் நாளைச் சேர்ந்தது என்று அன்றைக்கே ஒப்புக்கொண்டோம். அந்த நியாயத்தை ஜீப்பின் படிக்கட்டு வரை நீட்ட வேண்டும். குடியிருப்பது தமிழ்நாட்டில், வேலை செய்வது கேரளத்தில் என்பதால் இரண்டு மாநிலத் தொழிலாளர் துறைகளும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும்.

அதுவரைக்கும் நாளைக் காலையிலேயே தொடங்கக்கூடிய ஒன்று உண்டு. ஒவ்வொரு ஜீப்பிலும் ஒரு நோட்டு. ஏறிய நேரம், இறங்கிய நேரம், திரும்ப ஏறிய நேரம், வீட்டுப் பக்கம் இறங்கிய நேரம் என நாலு கட்டம். எழுதுவது அந்தப் பெண்களில் ஒருவர். கீழே கையெழுத்துப் போடுவது கங்காணி. இன்றைக்கு அந்தப் பெண்கள் எல்லோர் பையிலும் செல்போன் இருக்கிறது. மணி தெரியாது என்று என் அம்மா சொன்ன காலம் போய்விட்டது. மணி தெரிந்தும் எழுத இடமில்லை என்பதுதான் இப்போதைய குறை. முதலில் கணக்கு எழுதப்படட்டும். பழைய நாழிகைக் கணக்கர் செய்ததும் அவ்வளவுதான்: பார்த்தார், எண்ணினார், எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

தொழிலாளர் துறை அதிகாரிகளை மரியாதையோடு அழைக்கிறேன். ஒருநாள் விடிகாலை எங்கள் தெருமுனைக்கு வாருங்கள். அண்டாவும் வட்டிலும் நான் கொண்டுவருகிறேன். முதல் பெண் ஜீப்பில் கால் வைக்கும்போது மிதக்கவிடுவோம். அவர்கள் தோட்டத்தில் இறங்கும்போது அது ஐந்தாவது முறையாக முழுகும். மாலையில் திரும்பி வரும்போது இன்னொரு ஐந்து. ஒவ்வொரு 'டிங்'கையும் உங்கள் காதாலேயே கேட்டு, அந்த நோட்டின் முதல் பக்கத்தை உங்கள் கையாலேயே எழுதித் தொடங்கி வையுங்கள்.